ஊசியில் குறையில்லை

ஹற்றனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து, உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவி ஒருத்தி வரைந்த கடிதம் நான்கு நாட்களாக எமது மேசைமீது இருக்கிறது. அப்பியாசக் கொப்பியின் தாளைக் கிழித்து இரு புறமும் நெருக்கி எழுதிய நீண்ட கடிதம். அதன் சாரத்தை வாசகர்க்கு முதலிற் கூறிவிடுகிறோம்.

மாணவியின் தாயார் கொழுந்து பறித்துக் குடும்பத்தைக் காத்தவர். நீரிழிவு நோயினால் இரு சிறுநீரகங்களும் செயலிழந்து, இரண்டு ஆண்டுகளாக இயந்திரத்தின் துணையால் இரத்தத்தைச் சுத்திகரித்து வாழ்ந்து வருகிறார். வாரத்தில் இரு நாள், விடியுமுன் லயத்தை விட்டுப் புறப்பட்டு, பனியில் நடந்து பெரிய றோட்டுக்கு வந்து, பஸ் ஏறி வைத்தியசாலையை அடைந்து, நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடந்து, இருட்டிய பின்னரே வீடு திரும்புகிறார். அங்கே அவருக்கு ‘ஈரலழற்சி பி’ என்னும் நோய்க்கெதிரான தடுப்பூசியை நான்கு முறை போட்டிருக்கிறார்கள். பின்னர் இரத்தத்தைச் சோதித்தபோது, ஊசியால் உண்டாகவேண்டிய காப்பு உண்டாகவில்லையென்று தெரிந்தது. முதலிலிருந்து மறுபடியும் நான்கு ஊசி போடவேண்டுமென்று கூறி, நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இதைக் கேட்ட மூத்த மகன் கொதித்தெழுந்தான். “தோட்டத்து ஆளுங்கதானேன்னு தண்ணி ஊசியைப் போட்டு அனுப்பிட்டாங்க. இனி ஒரு ஊசியும் வேணாம்” என்பது அவன் தீர்ப்பு. பக்கத்துக் காம்பராக்காரரும் அதற்கு ஆமென்றனர். தாயார் மகன் சொல்லைத் தட்டாதவர். குறித்த நாளுக்கு இன்னும் இரு வாரமே உண்டு. “ஐயா, அண்ணன் சொல்வது சரியா? நான் குழந்தையாயிருந்தபோது எனக்கும் இதே ஊசி போட்டதாக என் சுகாதார அட்டையில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பலிக்கும் ஊசி அம்மாவுக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை?” என்று மாணவி வினவுகிறாள்.

அண்ணனின் சினத்தை நாம் பழிக்க மாட்டோம். தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதிக்கென இந்நாட்டில் முதன்முதலாகச் சட்டம் இயற்றப்பட்டது 1872ஆம் ஆண்டில். ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 2017 மே மாதத்திலே திறந்து வைக்கப்பட்டது. எனினும், எந்த வருத்தத்துக்கும் ஒரே போத்தலிலிருந்து மருந்து வார்த்த காலத்தைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஐயம் எழுவது இயல்பே. எந்த வைத்தியசாலை என்பதை மாணவி எழுதவில்லை. நாமும் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. இதே ஊசியை இலண்டனில் ஒரு செல்வந்தருக்கு, அவரும் இயந்திரப் படுக்கையிலே கிடக்கையில் போட்டிருந்தாலும், பலமுறை இதே விடைதான் வந்திருக்கும். சுகதேகியான பெரியவர் பத்துப் பேருக்கு இவ்வூசியைப் போட்டால் ஒன்பது பேருக்கு மேல் காப்பு உண்டாகிறது. இரத்தச் சுத்திகரிப்பில் இருப்போரிடத்து, இரட்டிப்பு அளவு மருந்தை ஏற்றியும்கூட, ஐந்தாறு பேருக்கே அது கைகூடுகிறது. உலகெங்கும் கண்ட கணக்கு இது. குறை இருப்பது ஊசியை ஏற்ற உடம்பில். உடம்பிலும், நோய் செய்த வேலையில்.

அது எவ்வாறு என்பதை விளக்குவோம். மாணவி உயிரியல் கற்பவளாதலால் சற்று விரிவாகவே கூறலாம்.

சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதையெல்லாம் மீள உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லீற்றரளவில் கழிவை மட்டும் வெளியேற்றும் உறுப்பு. இரவு பகல் ஓய்வறியாதது. அது நின்றுவிட்டால் கழிவுகள் இரத்தத்திலே தேங்கும். அக்கழிவை இயந்திரத்தால் அகற்றலாமென்று காட்டியவர் ஒல்லாந்து தேசத்து வைத்தியரான வில்லெம் கொல்ப். ஜேர்மானியர் அந்நாட்டைப் பிடித்திருந்த 1943ஆம் ஆண்டில், காம்பென் என்னும் சிற்றூரில், இறைச்சிக் குழலுக்கு உறையாகப் பயன்படும் செலோபேன் குழாயை மர உருளையிற் சுற்றி, உப்பு நீர்த் தொட்டியில் சுழலவிட்டு, அதனூடே நோயாளியின் இரத்தத்தைச் செலுத்தினார். முதலிற் சிகிச்சை பெற்றோருள் மிகப் பலர் இறந்தனர். 1945இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தெழுந்தார். நாட்பட்ட நோயாளரை ஆண்டுக்கணக்கில் இவ்வாறு வாழவைக்கும் வழி, 1960இல் சியாட்டில் நகரத்து பெல்டிங் ஸ்கிரிப்னர் கையிலேதான் பிறந்தது. இன்றைய இயந்திரத்தின் தோற்றம் வேறு, தத்துவம் அதுவே.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணித்தியாலம். அவற்றுள் அத்தாயாரின் இரத்தம் கழுவப்படுவது 8. எஞ்சிய 160 மணித்தியாலமும் கழிவு தேங்கிக்கொண்டே இருக்கிறது. தவிரவும், இயந்திரத்தின் மென்சவ்வு யூரியா போன்ற சிறு மூலக்கூறுகளை இலகுவில் விடும். பெரியவற்றையும், இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு திரியும் நஞ்சுகளையும் முழுதும் பிரித்தெடுக்காது. இவ்வாறு மிஞ்சும் நச்சுக்களிலே தோய்ந்து கிடப்பனவற்றுள் நம் வெண்குருதிக் கலங்களும் அடங்கும். உடம்புக்குக் காவல் அவையே. பாடநூலில் நிர்ப்பீடனம் எனப்படும் எதிர்ப்பாற்றல் அவற்றின் தொழில்.

அக்காவல் எவ்வளவுக்குத் தளர்கிறது என்பதற்கு ஓர் ஆச்சரியமான சான்று உண்டு. ஒருவருடைய தோலை எடுத்து மற்றொருவர் உடம்பில் ஒட்டினால், சில நாட்களிலேயே வெண்குருதிக் கலங்கள் அந்நியனென்று கண்டு அதை அழித்துவிடும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், 1954இல் இரட்டையரிடையே சிறுநீரகத்தை வெற்றியுடன் மாற்றி வைத்த ஜோசப் மரேயும் அவர் சகாக்களும், சிறுநீரகம் செயலிழந்த நோயாளர்மீது பிறர் தோலை ஒட்டிப் பார்த்தனர். வழமையான காலம் கடந்தும் அத்தோல் அழியாமல் நின்றது. 1957இல் அவர்கள் இதனை வெளியிட்டார்கள். வீட்டுக்குள் வேற்றாள் வந்து குந்தியிருக்க, நாய் குரைக்காமற் கிடந்த கதைதான். (இதைக் கொண்டு, சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சையின்பின் உடம்பு எதிர்க்காதென்று எவரும் எண்ணவேண்டாம். எதிர்ப்புத் தாமதமாகுமேயன்றி இல்லாமற் போகாது.)

இப்பொழுது ஊசிக்கு வருவோம். தடுப்பூசி மருந்து தானே ஒரு காப்பு என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது ஒரு பாடம். ஈரலழற்சி பி வைரசின் மேலுறையிலுள்ள புரதமொன்றை மட்டும், நொதியத்தில் வளர்த்தெடுத்து, ஊசியில் அடைத்திருக்கிறார்கள். கள்ளனைக் கொண்டுவராமல் கள்ளனின் சட்டையை மட்டும் காட்டுவது போல. தோலுக்கடியிலும் தசையிலும் உலவும் ஒருவகைக் கலங்கள் அந்தச் சட்டையைப் பற்றிக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குச் சென்று, அங்குள்ள ‘ரி’ கலங்களுக்குக் காட்டுகின்றன. ரி கலங்கள் விழித்து, ‘பி’ கலங்களை ஏவ, அவை எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கின்றன. சில கலங்கள் அச்சட்டையின் நினைவை ஆண்டுக்கணக்கிற் சுமந்து திரிகின்றன. இப்படி மூன்று நான்கு கைகள் மாறவேண்டிய செய்தி இது.

சிறுநீரகம் கெட்ட உடம்பில் ஒவ்வொரு கையும் சோர்ந்திருக்கிறது. காட்டும் கலம், சட்டையைக் காட்டினாலும், ‘எழுந்திரு’ என்று உடன் கொடுக்கவேண்டிய இரண்டாவது சைகையைப் பலமாகக் கொடுப்பதில்லை. ரி கலங்களும் பி கலங்களும் எண்ணிக்கையிற் குறைந்து, இருப்பவையும் விரைவில் மூப்படைகின்றன. கொல்ப் பிறந்த அதே ஒல்லாந்தில், ரொட்டர்டாம் நகரத்து ஆய்வாளர்கள் இவ்விஷயத்தை நுணுகி ஆராய்ந்து, இந்நோயாளரின் ரி கலங்கள் அவர்தம் உண்மை வயதைவிட இருபது முப்பது ஆண்டு முதிர்ந்தவர்களுடையவை போலிருக்கக் கண்டனர். ஆகவே நாற்பத்தைந்து வயதுத் தாய்க்கு எழுபது வயதுக் காவற்காரர். கிருமியை நேரே விழுங்கிக் கொல்லும் வெண்கலங்களும் அவ்வாறே. எண்ணினால் தொகை சரியாயிருக்கும், கொல்லும் வலிமை குன்றியிருக்கும். இரத்தச்சோகை, போதிய புரதவுணவின்மை, உயிர்ச்சத்து டி குறைதல், நீரிழிவு ஆகியன இதனோடு சேர்ந்து கொள்கின்றன. கைக்குழந்தையான மாணவியின் கலங்களுக்கு இவற்றுள் ஒரு தடையும் இருக்கவில்லை. அவள் வினாவுக்கு விடை இதுவே.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கள்ளன் வந்தபோது உறங்கும் இதே காவல், கள்ளன் இல்லாத வேளையில் ஓயாது கலகம் செய்கிறது. இரத்தம் உடம்பை விட்டு வெளியேறிக் குழாயிலும் சவ்விலும் படும்போது வெண்கலங்கள் திடுக்கிடுகின்றன. பழைய செலுலோசுச் சவ்வுகளைக் கொண்டு சுத்திகரித்த நாட்களில், தொடங்கிய சில நிமிடத்துள் இரத்தத்திலுள்ள வெண்கலங்கள் பெருமளவு மறைந்துபோவதை 1968இல் கண்டறிந்தனர். அவை அழிந்துபோகவில்லை, நுரையீரலின் நுண்குழாய்களிற் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. புதிய சவ்வுகளில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆயினும் உள்ளே மெல்லென எரிந்துகொண்டிருக்கும் அழற்சி முற்றாக அணைவதில்லை. அது இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. இயந்திரத்தில் வாழ்வோரின் மரணங்களுக்கு இருதய நோய் முதற் காரணமாகவும் தொற்றுநோய் அதையடுத்த காரணமாகவும் இருப்பதன் மருமம் இங்கே கிடக்கிறது.

நிற்க. பலிக்காத ஊசியை மறுபடி ஏன் போடவேண்டும் என்று அண்ணன் கேட்கலாம். அதற்குச் சரித்திரம் மறுமொழி சொல்லும். 1960களில் மேலைநாடுகளிலே சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகியபோது, அவற்றினுள் காமாலை பரவத் தொடங்கியது. எடின்பரோ நகரில் 1969, 1970ஆம் ஆண்டுகளில் மூண்ட தொற்றிலே நோயாளரோடு அவர்களைப் பராமரித்த ஊழியரும் மாண்டனர். இரத்தம் வெளியே ஓடும் இடமாதலால் இவ்வைரசு அங்கே இலகுவிற் கைமாறும். உலர்ந்த இரத்தத்துளியிலும் ஏழு நாளளவு அது உயிர்ப்போடிருக்க வல்லது. பல நிலையங்களில் வேறொரு புதுமையும் காணப்பட்டது: தாதியருக்கு நோய் கடுமையாக வர, நோயாளருக்கோ மஞ்சள்கூடத் தெரியாமல் வந்து போயிற்று. போனதென்று எண்ணினார்கள், போகவில்லை. ஈரலைப் புண்படுத்துவது பெரும்பாலும் வைரசன்று, அதனைத் துரத்த முனையும் நம் கலங்களே. துரத்த ஆளில்லாத உடம்பில் சண்டையும் இல்லை, வைரசும் வெளியேறுவதில்லை. சுகதேகியான பெரியவரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் இவ்வைரசை வென்றுவிடுவர். இயந்திரத்தில் இருப்போருள் பெரும்பாலோரிடம் அது நிலைத்துவிடும். அவர்கள் வெளிக்குச் சுகமாயிருந்தபடியே, அடுத்த கட்டிலில் கிடப்பவருக்கு அபாயமாகின்றனர்.

புளூம்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர் இவ்வைரசின் உறைப் புரதத்தைக் கண்ட செய்தி 1965இல் வெளியாயிற்று. 1976இல் அவர் நோபல் பரிசு பெற்றார். தடுப்பூசி 1981இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. யாருக்கு அது மிக அவசியமோ அவர்களிடத்திலேயே அது தளர்ந்து நிற்பதை அடுத்த சில ஆண்டுகளுக்குள் வைத்தியர்கள் உணர்ந்துகொண்டனர். அதன் விளைவுதான் அத்தாயாருக்கு விதித்த முறை. பெரியவருக்கு வழமையாக 20 மைக்குரோகிராம் மருந்தென்றால், சுத்திகரிப்பில் இருப்பவருக்கு 40. மூன்று ஊசிக்குப் பதில் நான்கு: முதல் நாள், ஒரு மாதத்தில், இரண்டாம் மாதத்தில், ஆறாம் மாதத்தில். கடைசி ஊசி போட்டு ஓரிரு மாதத்தில் இரத்தச் சோதனை. ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லி அலகேனும் எதிர்ப்புப் புரதம் இருந்தால் காப்பு உண்டென்பர். இல்லையேல் மறு சுற்று. முதற் சுற்றில் தவறியோரில் கணிசமானோருக்கு மறு சுற்று கைகொடுக்கிறது. சோர்ந்த மாணாக்கனுக்கு ஆசிரியர் அதே பாடத்தை இருமுறை உரக்கப் படிப்பிப்பதைத் தண்ணீர்ப் பாடம் என்று யாரும் சொல்வதில்லையே!

இன்னொன்றையும் அண்ணன் கவனிக்கவேண்டும். ஏமாற்ற நினைத்தவர்கள் ஊசியைப் போட்டபின் இரத்தத்தைச் சோதித்திருக்க மாட்டார்கள். சோதித்து, பலிக்கவில்லை என்று தாமே வந்து சொல்லியிருக்கவும் மாட்டார்கள். எமக்கு இந்த ஒரு நியாயமே போதுமானதாகத் தோன்றுகிறது. இலங்கையில் இந்நோய் அருகியே காணப்படுவது நமது பாக்கியம். குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2003ஆம் ஆண்டு முதல் இவ்வூசி சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கு முன் பிறந்தோர், தாமே தேடிப் போட்டாலன்றி, காப்பற்றவர்களே. அண்ணனும் அவர்களுள் ஒருவராயிருக்கக்கூடும். தாயாரின் வைத்தியரிடம் தமக்கும் கேட்டுக்கொள்வது நல்லது.

பிற வாசகர்க்கும் ஒரு சொல். நீரிழிவோ இரத்த அழுத்தமோ காரணமாகச் சிறுநீரகம் பழுதடையத் தொடங்கிவிட்டதென்று வைத்தியர் கூறினால், இயந்திரத்துக்குப் போகும்வரை காத்திராமல் அப்பொழுதே இவ்வூசியைப் பற்றிக் கேளுங்கள். காவல் இன்னும் விழித்திருக்கும்போது கொடுத்த பாடம் நன்கு பதியும்.

மாணவியின் கடிதத்தின் ஓரத்தில், வேறு மையினால், பின்னர் சேர்த்த வரியொன்று எம்மைத் தடுத்து நிறுத்தியது. “சென்ற மாதம் அம்மாவுக்கு இருமுறை நடுக்கம் வந்தது. காய்ச்சல் இல்லை. குளிரென்று நினைத்து கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம்.” தடுப்பூசியைப் பற்றிய வினாவை விட இது அவசரமானது.

காய்ச்சல் என்பது காவற்படை எழுப்பும் கூச்சல். படை தளர்ந்த உடம்பில் கூச்சலும் தணிந்துவிடும். இவர்களுடைய உடற்சூடு இயல்பிலேயே சற்றுக் குறைந்திருப்பதால், நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் சூடு அவர்களுக்குக் காய்ச்சலாயிருக்கவும் கூடும். தாயாருக்குக் கழுத்திலே குழாய் வைத்திருக்கிறதா, கையிலே நாளமும் நாடியும் இணைத்திருக்கிறதா என்பதை மாணவி எழுதவில்லை. கையிலே இணைக்கும் முறையை நியூயோர்க்கில் பிரெசியா, சிமினோ முதலிய வைத்தியர்கள் 1966இல் வெளியிட்டனர். இன்றும் தொற்றுக்கு மிகக் குறைந்த இடங்கொடுப்பது அதுவே. கழுத்துக் குழாயோ தோலிலிருந்து நேரே இருதயத்துக்குத் திறந்த வாயில். அவ்வழியே புகும் கிருமி இரத்தம் முழுவதும் பரவியபின்னும், வெளிக்குத் தெரிவது ஒரு நடுக்கமும் சோர்வும் மாத்திரமாயிருக்கலாம். இயந்திரத்திற் கிடக்கும்போதோ வீடு திரும்பியபின்னோ நடுக்கம் வந்தால், வெயில் வரட்டும் மழை விடட்டும் என்று பாராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பனடோல் கொடுத்து அடக்குவது, இருந்த சிறு கூச்சலையும் வாய்பொத்துவதாகும். கொத்தமல்லித் தண்ணீர் நல்லதுதான். ஆனால் நீரை அளந்து குடிக்கவேண்டிய நோயாளிக்கு அதுவும் கணக்கிலே சேரும் என்பதை மறவாதீர்கள்.

குழாய் கழுத்தில் இருக்குமானால், தாயார் பீலியில் நின்று தலையிலே தண்ணீர் விழக் குளிப்பதை நிறுத்திவிட வேண்டும். கட்டு நனையக்கூடாது. உடம்பைத் துணியால் துடைத்து, தலையைப் பின்புறம் சாய்த்து ஒருவர் கழுவிவிடலாம். ஈரமான கட்டை வீட்டிலே பிரித்து மாற்றாமல், சுத்திகரிப்பு நிலையத்திலேயே மாற்றுவிக்கவேண்டும்.

லயத்து வாழ்வில் இன்னொரு பகைவன் காசநோய். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் ஐந்தாறு பேர், மூடிய கதவு, விறகுப் புகை. இவற்றினிடையே ஒருவர் இருமினால் எல்லோருக்கும் பங்குண்டு. சிறுநீரகம் செயலிழந்தோருக்கு இந்நோய் மற்றவர்களிலும் பலமடங்கு எளிதில் வருகிறது. வந்தாலும் மார்பிலே தங்காமல் கழுத்துக் கட்டியாகவோ வயிற்று நீராகவோ உருமாறி நிற்கும். கையிலே ஊசி குத்தி வீக்கம் பார்க்கும் சோதனையும், நாம் மேலே சொன்ன அதே காரணத்தால், பலருக்கு வெறுமையாகவே முடிகிறது. ஆகையால் வீக்கமில்லை என்பதை நோயில்லை என்று கொள்ளலாகாது. வீட்டில் எவருக்கேனும் இரு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிப்பிக்கவேண்டும். பகலிலாவது கதவைத் திறந்து வையுங்கள். தாயாரின் படுக்கை அடுப்படிக்கு எட்டவும் இஸ்தோப்பின் காற்றுக்குக் கிட்டவும் இருக்கட்டும். சளிச்சுரக் காய்ச்சல், நிமோனியா ஆகியவற்றுக்குரிய ஊசிகளைப் பற்றியும் வைத்தியரைக் கேட்கலாம். கொரோனாக் காலத்திலும், 2021இல், இரு ஊசி பெற்ற சுத்திகரிப்பு நோயாளரிடம் எதிர்ப்புப் புரதம் மற்றவர்களிலும் குறைவாகவே எழுந்ததை உலகம் கண்டது. மேலதிக ஊசி அவர்களுக்கு முன்னுரிமையாக வழங்கப்பட்டதும் அதனாலேயே.

மாணவிக்கு நாம் கூறுவது இவ்வளவே. நடுக்கம் வந்த செய்தியை அடுத்த முறை போகும்போது தாதியிடம் முதல் வார்த்தையாகச் சொல்லச் செய். நாளும் நேரமும் குறித்து ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடு. நான்கு மணித்தியாலக் களைப்பில் அம்மா மறந்துவிடுவார். முடிந்தால் அண்ணனையே துணைக்கு அனுப்பு. முதற் சுற்றுச் சோதனையில் வந்த எண் என்னவென்று அவர் வைத்தியரிடம் நேரிற் கேட்கட்டும். சுழியமும் ஓர் எண், எட்டும் ஓர் எண். இரண்டுமே பத்துக்குக் கீழ்தான், ஆனால் எட்டென்று கேட்டுவந்தவர் மறு சுற்றுக்குத் தாமே நாளெண்ணத் தொடங்குவார். சுற்று முடிந்து சோதனை செய்ததும், வந்த எண்ணை எமக்கும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடு.